இடப்பக்கம் திரும்பாத வண்டி

மார்ச் 3

அண்ணன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிடும் உத்தேசமும் இல்லை. பேச ஆரம்பித்தால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், உள்ளறையிலிருந்து அப்பா "யாரும்மா அது?" என்று கேட்பார். எழுதினால் நடுவில் புகுந்து வெட்ட உங்களால் முடியாது.

போன மாதம் வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அப்பாவை உங்கள் ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னீர்கள். நான் முடியாது என்றேன். பக்கவாதத்தில் விழுந்தது இடது கையும் காலும்தான், பேச்சு இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "புத்தி தெளிவா இருக்கா? அந்தப் பொம்மைக் காரை வச்சு ஒரு எட்டு போடச் சொல்லு பார்ப்போம். போட்டுட்டா இங்கேயே இருக்கட்டும். நான் வாயே திறக்கல."

நீங்கள் கேலிக்குச் சொன்னீர்கள். ஆனால் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஆயுள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். எட்டு போடத் தெரியாதவனுக்கு லைசென்ஸ் கிடைக்காது என்று எத்தனை பேரை மிரட்டியிருப்பார்! மறுநாள் காலையில் பல் தேய்த்ததும் அவர் கேட்ட முதல் விஷயம் அந்தக் கார்தான்.

பரணிலிருந்து இறக்கினேன். ஒட்டுப்பலகையில் அவர் அறுத்துச் செய்த உடம்பு, நாலு ரப்பர் சக்கரம், ரிமோட், எல்லாம் அப்படியே இருக்கின்றன. பின்சக்கர மோட்டார் ஓடுகிறது. முன்சக்கரம் மட்டும் திரும்பவில்லை. திறந்து பார்த்தால், சக்கரத்தைத் திருப்பும் அந்தச் சின்ன நீலப் பெட்டி கருகிக் கிடக்கிறது. அதற்குப் பெயர் சர்வோ என்றார் அப்பா. அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. மரவேலை அவருடையது, மின்சார சமாச்சாரம் முழுக்க உங்களுடையது. என்னை அந்த மேஜைப் பக்கமே விட்டதில்லை.

என்ன சர்வோ வாங்க வேண்டும், எப்படி மாட்ட வேண்டும் என்று எழுதவும். போயும் போயும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஆனால் வாக்குக் கொடுத்தது நீங்கள். எட்டு போட்டுவிட்டால் அப்பா இங்கேதான் இருப்பார்.

தங்கை

*

மார்ச் 8

சுண்டு,

'நீங்கள்', 'அவர்கள்' என்றெல்லாம் எழுதி என்னைக் குத்த வேண்டாம். நன்றாக வரவில்லை உனக்கு.

வாக்கு என்று பெரிய வார்த்தை எழுதியிருக்கிறாய். சரி, இருக்கட்டும். நான் வந்திருந்தபோது பார்த்ததை எழுதுகிறேன், நீயும் ஒரு தடவை படித்துக்கொள். அப்பாவின் முகத்தில் வலது பாதி வழவழவென்று மழித்திருந்தது, இடது பாதியில் ஒரு வாரத்துத் தாடி. சட்டையின் ஒரு கையை மாட்டியிருந்தார், இன்னொன்று முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம் இருந்தது. நீ வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போனாய், இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. இடது தோளில் கதவு நிலையில் இடித்த காயம், ஒன்றின் மேல் ஒன்று. நான் லிப்ட் பழுது பார்க்கப் போகிற ஆஸ்பத்திரிகளில், கேட்க நாதியில்லாதவர்களைக்கூட இதைவிட நன்றாக வைத்திருக்கிறார்கள். நீ அவரைப் பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டில் போட்டு வைத்திருக்கிறாய்.

இன்னொன்று. இருந்த நாளெல்லாம் கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏதாவது கேட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காத அளவுக்கு அவர் காதில் என்ன ஓதி வைத்திருக்கிறாய்?

சர்வோ பற்றி. அது மோட்டார்தான், ஆனால் சும்மா சுற்றுகிற மோட்டார் இல்லை. எவ்வளவு திரும்பு என்று ரிமோட் சொல்கிறதோ அவ்வளவு திரும்பி, அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும். கருகியது ஒன்பது கிராம் எடையுள்ள சின்ன வகை, உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம். வண்டியோ பேட்டரியோடு சேர்த்து இரண்டு கிலோ இருக்கும். அந்தப் பாரத்தில் முன்சக்கரத்தைத் திருப்பத் திணறித் திணறியே எரிந்திருக்கும். பெரிய அளவு சர்வோ வாங்கு. உள்ளே உலோகப் பல் இருக்க வேண்டும். இழுவை பத்துக் கிலோவுக்குக் குறையக் கூடாது. கடைக்காரனிடம் இதை அப்படியே காட்டு, உன் சொந்த மூளையை நடுவில் நுழைக்காதே.

ஒரு தேதியும் சொல்லிவிடுகிறேன். இல்லத்தில் ஏப்ரல் பத்து வரைக்கும்தான் அப்பாவுக்காக ஒரு படுக்கையைப் பிடித்து வைத்திருப்பார்கள். அதற்குள் எட்டு வரவில்லை என்றால் வண்டியோடு வருவேன். பொம்மை வண்டியோடு இல்லை.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைக்காரரிடம் அப்படியே காட்டினேன். பெரிய அளவு, உலோகப் பல், பதினைந்து கிலோ இழுவை. அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "நூத்தியெம்பதா, முந்நூத்தியறுபதா?" என்றார். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? முழு வட்டமும் திரும்பக்கூடியது பாதி வட்டம் திரும்புவதைவிட மேல்தானே என்று முந்நூற்று அறுபதை வாங்கி வந்தேன்.

மாட்டி, ரிமோட்டை அப்பா மடியில் வைத்தேன். குச்சியைத் துளி அசைத்தார். சர்வோ சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சக்கரம் முட்டி நின்ற பிறகும் அது நிற்கவில்லை. இணைப்புக் கம்பியை வில்லாக வளைத்து, பலகையில் திருகாணியோடு ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டுதான் ஓய்ந்தது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவன்கிட்ட கேட்டு வாங்கினியா, உன் இஷ்டத்துக்கு வாங்கினியா?" என்றார். நான் பலகைத் துண்டைப் பொறுக்கினேன். நீங்கள் வேண்டுமென்றே அந்த ஒரு வரியை விட்டீர்கள். ஏப்ரல் பத்து உங்களுக்குச் சீக்கிரம் வர வேண்டும்.

இப்போது நீங்கள் போட்ட பட்டியலுக்கு வருகிறேன். முகத்தை அவரே மழித்துக்கொள்கிறார், வலது கை நன்றாக இருக்கிறதே. பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முடிந்தது என்கிறார். மிச்சத்தை நான் மழிக்கப் போனால் கையைத் தட்டிவிட்டு, "எத்தனை தடவைம்மா மழிப்ப?" என்கிறார். தட்டில் பாதி இருக்கும்போதே "காலி, எடுத்துக்கோ" என்கிறார். சட்டையும் அப்படித்தான். பிடிவாதம். அந்தப் பிடிவாதம் யாருக்குச் சொத்தாக வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கதவில் இடித்துக்கொள்கிறாரே, பார்வைதான் போகிறதோ என்று எனக்கும் பயம் வந்தது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே அவரைக் கூட்டிப் போய், ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணாக, எழுத்து எழுத்தாகக் காட்டி நானே சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண் நன்றாக இருக்கிறது. நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, 'போட்டு வைத்திருக்கிறாய்' என்று எழுதுகிறீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

என் வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டது யாருக்காக? ராத்திரி அவர் புரண்டால் எழுந்து போவது யார்? லிப்டில் மாட்டிக்கொண்டவன் மணி அடித்தால் ஓடுகிற நீங்கள், அப்பா விழுந்து எத்தனை நாள் கழித்து வந்தீர்கள்?

தங்கை

*

மார்ச் 17

சுண்டு,

முந்நூற்று அறுபது, நூற்றெண்பதைவிடப் பெரிது. கணக்கு சரிதான். நாளெல்லாம் லென்ஸ் தேய்த்து பவர் பார்க்கிறவள், பெரிய நம்பர் கண்ணாடி நல்ல கண்ணாடி என்று விற்பாயா?

நூற்றெண்பது சர்வோவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். முந்நூற்று அறுபதுக்கு அது தெரியாது. எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குப் புரியும். எந்த மாடியில் நிற்கிறோம் என்றே தெரியாத லிப்ட் அது. சக்கரத்தைச் சுற்ற அதை வைக்கலாம், ஸ்டியரிங்குக்கு ஆகாது. இதை எழுதாமல் விட்டது வேண்டுமென்றே இல்லை. ஸ்டியரிங்குக்கு ஒருத்தி அதை வாங்குவாள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பார்சலில் சரியான சர்வோ இருக்கிறது. நானே ஓட்டிப் பார்த்து அனுப்புகிறேன், பிறகு அதில் சூழ்ச்சி இருக்கிறது என்று எழுதாதே. நாலு பேட்டரி போடுகிற சின்னப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அது சர்வோவுக்கு மட்டும். பெரிய சர்வோ திடீரென்று மின்சாரத்தை உறிஞ்சும்போது, ஒரே பேட்டரியில் இருந்தால் ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவர் ஒரு நொடி மயங்கிவிடும், வண்டி இஷ்டத்துக்கு ஓடும். கறுப்பு வயர்களை மட்டும் ஒன்றாகச் சேர், சிவப்புகளைச் சேர்த்துவிடாதே.

சர்வோவின் தலையில் மாட்டுகிற சின்னக் கைக்கு ஹார்ன் என்று பெயர், அதில் சத்தம் வராது. அதை முதலில் மாட்டக் கூடாது. முதலில் ரிமோட்டைப் போடு, பிறகு வண்டியைப் போடு. சர்வோ தானாகத் திரும்பி நடுவுக்கு வந்து நிற்கும். அதன் பிறகு சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு ஹார்னை மாட்டு. நீ நடு என்று நினைப்பது வேறு, சர்வோவின் நடு வேறு. கடைசி வரை திருப்பும்போது உறுமல் சத்தம் கேட்டால், அது போக முடியாத இடத்துக்குப் போக முட்டுகிறது என்று அர்த்தம். ரிமோட்டில் அளவைக் குறைத்து வை, இல்லையென்றால் இதுவும் கருகும்.

வேகக் குச்சி இடது கைக்கு இருக்கிறது. அப்பாவால் ஆகாது. அதை ஒரே மெதுவான வேகத்தில் ஒட்டி வைத்துவிட்டு, வலப்பக்கம் ஒரு சுவிட்சு போட்டுக் கொடு.

அவர் விழுந்து எத்தனை நாள் கழித்து வந்தேன் என்று கேட்கிறாய். நீ எனக்கு எப்போது சொன்னாய்? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு. அதையும் மறக்காதே.

அண்ணன்

*

மார்ச் 22

அண்ணனுக்கு,

மாட்டியாயிற்று. நீங்கள் எழுதியபடி ஒரு புள்ளி மாறாமல் செய்தேன். ரிமோட், வண்டி, நடு, ஹார்ன். கறுப்பு வயர்கள் மூன்றையும் சேர்த்து ஈயம் வைத்தேன். லென்ஸில் கால் மில்லி மீட்டருக்கு அழுகிற கை என்னுடையது, உங்கள் பழைய ஒட்டுகளைவிட என் ஒட்டு சுத்தமாக இருக்கிறது. உறுமலும் இல்லை. பெயர்ந்த பலகைக்குப் பசை போட்டு இறுக்கிவிட்டேன்.

வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, ரிமோட்டை அப்பாவிடம் கொடுத்து, "வலப்பக்கம் திருப்புங்க" என்றேன். திரும்பியது. "இடப்பக்கம்" என்றேன். திரும்பியது. நீங்கள் அனுப்பியது முதல் தடவையாக ஒழுங்காக வேலை செய்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன்.

பிறகு மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிய எட்டு வரைந்தேன், படுக்கைவாட்டில், ஒரு வளையம் அவருக்கு வலப்பக்கம், இன்னொன்று இடப்பக்கம். அப்பாவை நாற்காலியில் நடுவில் உட்கார வைத்தேன். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. "டெஸ்ட்ல சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஓரமா நில்லு." நின்றேன்.

வண்டி வலது வளையத்தை அழகாகச் சுற்றியது. நடுவுக்கு வந்தது. இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் மறுபடியும் வலப்பக்கமே திரும்பியது. மறுபடியும் அதே வளையம், மறுபடியும் அதே. எட்டு இல்லை, பூஜ்யம். பூஜ்யத்துக்கு மேல் பூஜ்யம்.

"என்னம்மா, பார்த்தியா? போட்டாச்சு" என்றார்.

"இல்லப்பா. இடப்பக்கம் திரும்பவே இல்லையே."

"திருப்பினேனே. நான் திருப்பாம இருப்பேனா? அப்ப வண்டி கேக்கல. ஸ்டியரிங் கோளாறு. அவன் என்ன சாமான் அனுப்பியிருக்கான்னு பாரு."

தினமும் சாயங்காலம் இதே கதை. செங்கல் மேல் இரண்டு பக்கமும் திரும்புகிறது, தரையில் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. பாரம் ஏறினால் தாங்காத சர்வோவை அனுப்பியிருக்கிறீர்கள். ஓட்டிப் பார்த்து அனுப்பினேன் என்று முந்திக்கொண்டு எழுதியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். நேற்று அப்பா ரிமோட்டை வைத்துவிட்டு, "ஏம்மா, என்னை அனுப்பிடுவீங்களா?" என்றார். 'வீங்களா' என்றார். என்னையும் உன்னோடு சேர்த்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு உன்னை என்ன செய்தாலும் தகும்.

வேறு சர்வோ அனுப்பு. உடனே அனுப்பு.

*

மார்ச் 26

சுண்டு,

வேறு சர்வோ அனுப்ப மாட்டேன். அந்த சர்வோவில் கோளாறு இல்லை.

பாரம் தாங்கவில்லை என்றால் இரண்டு பக்கமும்தான் திணறும். ஒரு பக்கம் பலசாலி, மறுபக்கம் நோஞ்சான் என்று சர்வோவில் கிடையாது. கம்பி எங்காவது இடித்தால் செங்கல் மேலும் இடிக்கும். நடு தள்ளியிருந்தால் இடப்பக்கம் குறைவாகத் திரும்பும், திரும்பாமலே போகாது. பேட்டரி மயங்கினால் வண்டி தாறுமாறாக ஓடும், இப்படி அழகாக ஒரே வட்டம் போடாது. நீ எழுதியிருப்பது எந்தக் கோளாறோடும் பொருந்தவில்லை. ஆகவே நீ எதையோ விட்டுவிட்டு எழுதுகிறாய். அல்லது எதையோ செய்துவிட்டு மறைக்கிறாய்.

லிப்ட் நிற்கவில்லை என்று யாராவது சொன்னால், நாங்கள் முதலில் செய்வது அந்த ஆளை வெளியே நிறுத்திவிட்டு நாங்களே ஏறிப் பொத்தானை அமுக்குவதுதான். இத்தனை நாளில் நீ ஒரு தடவையாவது தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தாயா? உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றிலும் ரிமோட் அப்பா கையில்தான் இருக்கிறது. அது எப்படி?

அப்பாவிடமிருந்து ரிமோட்டை வாங்கு. நீ ஓட்டு. என்ன ஆயிற்று என்று எழுது. ஏப்ரல் பத்து ஏப்ரல் பத்துதான்.

அண்ணன்

*

மார்ச் 30

அண்ணனுக்கு,

அது எப்படி என்று கேட்டிருக்கிறாய். நீயா கேட்கிறாய்? "ரிமோட்டைத் தொடாதே, உடைச்சிடுவ" என்று என் முதுகில் அறைந்தது நீ. "அவளுக்கு எதுக்குடா இதெல்லாம்" என்று சிரித்தவர் அப்பா. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. உங்கள் இருவருடைய காரில் என் வேலை சக்கரத்தில் சுற்றிக்கொண்ட முடியை எடுப்பது. அதனால் அந்த ரிமோட்டை நான் ஓட்டலாம் என்று இந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. உனக்கே இப்போதுதான் தோன்றியிருக்கிறது.

நேற்று வாங்கினேன். கொடுக்க மாட்டேன் என்று இழுத்தார், பிடுங்கினேன் என்றே வைத்துக்கொள். நாற்காலிக்குப் பின்னால் நின்று ஓட்டினேன். வலது வளையத்தைக் கோணல்மாணலாகச் சுற்றினேன், நடுவுக்கு வந்தேன், குச்சியை இடப்பக்கம் தள்ளினேன். திரும்பியது அண்ணா. சமர்த்தாகத் திரும்பியது. சாக்பீஸ் கோட்டின் மேலேயே இடது வளையத்தில் ஓடியது. பாதியில் சுவிட்சை அணைத்துவிட்டேன். வண்டி அப்பாவின் இடது காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அவர் நேராகவும் வலப்பக்கமும் தேடிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார். "வண்டி எங்கம்மா போச்சு?"

"இங்கதானே இருக்கு, உங்க கால்கிட்ட."

"இல்லையே. கீழ விழுந்துடுச்சா?"

நான் போய் வண்டியைக் கையால் தள்ளி, அவர் பாதத்துக்கு முன்னால் கொண்டு வந்தேன். நடுவைத் தாண்டி வலப்பக்கம் வந்ததும், "ஆ, வந்துடுச்சு" என்றார், யாரோ எங்கிருந்தோ கொண்டு வந்து கொடுத்த மாதிரி. மறுபடி இடப்பக்கம் தள்ளினேன். மறுபடியும் அது அவருக்கு இல்லாமல் போனது. நான் அந்த மாடியிலேயே, சாக்பீஸ் தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலையில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டுக் கொடுத்து, எல்லாக் கோட்டையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். அப்பா வலது பாதியை ஒன்று விடாமல் அடித்தார். பேனாவைக் கீழே வைத்தார். "முடிஞ்சுது டாக்டர்." இடது பாதி அப்படியே இருந்தது. கண்ணில் கோளாறு இல்லையாம், மூளையில் அடிபட்ட இடம் அப்படியாம். இடப்பக்கம் தெரியவில்லை என்பது இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் நினைப்பில் இல்லையாம். குறைகிறது என்றும் அவருக்குத் தெரியாதாம். சிலருக்குப் பயிற்சியில் கொஞ்சம் திரும்புமாம், திரும்பாமலும் போகுமாம்.

இப்போது உன் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் படி. பாதித் தாடி. பாதித் தட்டு. தொங்கிய சட்டைக் கை. இடது தோளில் காயம். தட்டைத் திருப்பி வைத்திருந்தால் மிச்சத்தையும் சாப்பிட்டிருப்பார். எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியாததற்கு நீ ஒரு பெயர் வைத்தாய். நீ நாற்காலியை எந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாய் என்றும் யோசித்துப் பார். அவர் காதில் யாரும் எதுவும் ஓதவில்லை. நீ வந்த அன்றைக்கு மறுநாளே என்னிடம், "குரல் மட்டும் கேட்குது, பையன் உள்ள வரமாட்டேங்கிறானே" என்றார். உன் மேல் எனக்கிருந்த கோபத்தில் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். எந்த சர்வோ போட்டாலும் அவர் எட்டு போட மாட்டார். நேற்று நான் முழு எட்டு போட்டேன், இரண்டாம் தடவையிலேயே. வண்டி மட்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, அப்பா போட்டார் என்று அனுப்பியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. அனுப்பவில்லை. எட்டு போடாத அப்பாவை வைத்துக்கொள்ளத்தான் எனக்கு உரிமை வேண்டும்.

வண்டியோடு வருவேன் என்றாயே, வா பார்க்கலாம். இடப்பக்கமே இல்லாத மனுஷனைத் தெரியாத ஊரில், தெரியாத வராந்தாவில் விட்டுவிட்டு வர உனக்கு மனசு வந்தால், கதவை உடைத்துக்கொண்டு கூட்டிப் போ. நான் திறக்க மாட்டேன்.

*

ஏப்ரல் 3

சுண்டு,

நீ எழுதியதை அப்படியே நம்பிவிடவில்லை. டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். நம்புகிறேன்.

இல்லத்துக்குப் போய்ப் படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எட்டு போட்டால்தான் என்றேன், போடவில்லை, இருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். இதை நீ கெட்டிக்காரத்தனமாக எழுதியதால் செய்யவில்லை.

சர்வோவைக் கழற்றாதே. பேட்டரியை மட்டும் எடுத்து வை, இல்லையென்றால் கசிந்து ஈய ஒட்டுகளையெல்லாம் கெடுத்துவிடும்.

நீ எழுதிய மற்றதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. நாலு தாள் கிழித்தாயிற்று. "பையன் உள்ள வரமாட்டேங்கிறானே" என்று அவர் சொன்னதை, நீ அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம். அதை நினைத்தால் உன் மேல் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, இப்போதும். உன் மேல் மட்டும் இல்லை.

வருகிற ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. காலை வண்டிக்கு வரலாமா? கதவைத் திறப்பாயா என்று மட்டும் எழுது.

*

ஏப்ரல் 7

அண்ணா,

படுக்கை வேண்டாம் என்று சொன்னதற்கு நன்றி எல்லாம் சொல்ல மாட்டேன். இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, அதை ரத்து செய்திருக்கிறாய். நாலு தாள் கிழித்தாய் என்றால் ஐந்தாவதில் எழுதியிருக்கலாம்.

நேற்று கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டேன். வாசல் இப்போது அப்பாவுக்கு வலப்பக்கம். நீ நிலைப்படியில் கால் வைத்ததுமே உன் முகத்தைப் பார்த்துவிடுவார். பார்த்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் கைக்குட்டை எடுத்து வா.

கதவைத் திறப்பேன், அப்பாவுக்காக. ஆனால் நீ என்னோடு பேச வேண்டுமானால், அந்த ஐந்தாவது தாளில் எழுத வராததை அவர் எதிரில் என்னிடம் வாயால் சொல்லு. கட்டிலின் வலப்பக்கம் நின்று சொல்லு. நீ யாரிடம் சொல்கிறாய் என்பதை அவரும் பார்க்க வேண்டும்.

சுண்டு